ஆண்களின் நீச்சலுடை, கம்பளியிலிருந்து ஜாமர் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை காலையில் சிங்கப்பூரின் ஈசூன் பக்கம் நண்பர்கள் சிலரோடு நீந்தப் போவேன். புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய நம் ஆட்கள். மிதப்பது எப்படி, மூச்சு விடுவது எப்படி என்று அவர்கள் முதலில் கேட்பதில்லை. "அண்ணே, என்ன போட்டுக்கிட்டு வரணும்?" என்றுதான் கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்கு யாரிடமும் பதில் கேட்க முடியாமல், பிள்ளைகளின் துண்டைப் பிடித்துக்கொண்டு பல வருடம் குளத்தோரப் படியிலேயே உட்கார்ந்திருந்த அப்பாக்களை எனக்குத் தெரியும். அவர்கள் கேட்டதையும், அப்படியே பேச்சு வளர்ந்து பழைய கதைக்குப் போனபோது கேட்டதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

அந்தக் காலத்தில் ஆண்கள் என்ன கட்டிக்கொண்டு நீந்தினார்கள்?

நம் ஊர்ப்பக்கம் என்றால் கோவணம். கிணற்றில் குதிக்கிற பையனுக்கும் ஆற்றில் மாடு கழுவுகிறவருக்கும் அதுதான் உடை. வேட்டி கட்டியவர் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்குவார். ஜப்பானியர்களும் ஃபுன்தோஷி என்ற இடுப்புத்துணியோடுதான் நீந்தினார்கள். நீந்துகிறவன் கண்ணோடு பார்த்தால் கோவணம் நல்ல உடை. துணி கொஞ்சம்தான், தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளாது, கரையேறிக் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். இன்றைக்குப் போட்டி வீரர்கள் கேட்பதும் இதைத்தானே.

ஐரோப்பாவில் கதை வேறு. 19ஆம் நூற்றாண்டில் வெகுகாலம் வரை ஆண்கள் ஆற்றிலும் கடலிலும் உடையே இல்லாமல் குளிப்பது வழக்கம். ரயில் வந்து, குடும்பம் குடும்பமாக மக்கள் கடற்கரைக்கு வர ஆரம்பித்த பிறகுதான் உடை கட்டாயமானது. அப்போது வந்ததுதான் தோளிலிருந்து தொடை வரை மூடும், பெரும்பாலும் கோடு போட்ட, பின்னல் உடை. அதைக் கம்பளி நூலில் பின்னினார்கள்.

கம்பளியா? தண்ணீருக்குள் கம்பளி எதற்கு?

எல்லோரும் சிரிக்கிற இடம் இது. ஆனால் காரணம் இருந்தது. நைலானும் ஸ்பாண்டெக்ஸும் இல்லாத காலம். நனைந்த பருத்தி உடம்போடு ஒட்டும், மெல்லிய துணியாக இருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும், நெய்த துணி இழுத்தால் நீளாது. பின்னிய கம்பளி ஓரளவு இழுபடும், நனைந்தாலும் உள்ளே தெரியாது, குளிரும் தாங்கும்.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் ஒரு பின்னலாடைப் பட்டறை இருந்தது. ஸ்வெட்டர் கைமுனைக்குப் போடுகிற இழுவைப் பின்னலில் படகு ஓட்டும்போது போட ஒரு அரைக்கால் சட்டை வேண்டும் என்று 1913 வாக்கில் உள்ளூர்ப் படகோட்டி ஒருவர் கேட்டாராம். அதிலிருந்து நீச்சலுடைக்குப் போனார்கள். பிற்பாடு ஜான்ட்சன் என்று உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய நிறுவனம் அது.

குறை என்னவென்றால் கனம். காய்ந்திருக்கும்போது சாதாரணமாக இருக்கும் கம்பளி உடை, நனைந்ததும் கிலோக்கணக்கில் கனக்கும், தொங்கும், முழங்காலை நோக்கி இறங்கும். இடுப்பில் பெல்ட் போட்டு நீந்தினார்கள் என்றால் அழகுக்கு மட்டுமல்ல. கழுத்துவரைத் தண்ணீரில் நின்று, ஈரக் கம்பளிச் சட்டையோடு கையைத் தூக்கி வீசிப் பார்ப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள். அமெரிக்க நீச்சல் வீரர் ஜானி வைஸ்முல்லர் 1922இல் 100 மீட்டரை ஒரு நிமிடத்துக்குள் நீந்திய முதல் மனிதரானார். அந்தக் காலத்துப் போட்டிகளில் அவரும் மார்பை மூடிய உடையோடுதான் நீந்தினார். அவருடைய கைகளின் பலம் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

ஆண்கள் மார்பைக் காட்டினால் பிடித்துக்கொண்டு போவார்களாமே, உண்மையா?

உண்மை. 1930களின் நடுவரை அமெரிக்காவின் பல கடற்கரைகளில் ஆண்கள் மேலுடம்பு தெரிய நிற்கக்கூடாது. அட்லாண்டிக் சிட்டி போன்ற இடங்களில் அதற்காகவே ஆட்களைப் பிடித்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1935இல் வந்த விதி, உடை அக்குளிலிருந்து இடுப்பு வரை முன்பக்கத்தை மூட வேண்டும், கால் பகுதி குறைந்தது 3 அங்குலம் இருக்க வேண்டும் என்றது. அந்த விதி 1961 வரை ஏட்டில் இருந்தது.

ஜான்ட்சன் நிறுவனம் 1930களின் தொடக்கத்தில் ஒரு வழி கண்டுபிடித்தது. மேல்பாதியை ஜிப் வைத்து இணைத்தார்கள். காவலர் வந்தால் சட்டையோடு நிற்கலாம், போனதும் ஜிப்பைத் திறந்து கழற்றிவிடலாம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தடை தளர்ந்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வெறும் இடுப்பு உடை சாதாரணமாகிவிட்டது.

இதைப் படித்தபோது நான் நினைத்துக்கொண்டது நம் கோயில்களை. சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று சொல்லும் ஊர்கள் நம்முடையவை. அதே பத்தாண்டில், கடலின் மறுகரையில், அதே மார்பு குற்றம். வெட்கம் என்பது எதன்மேல் விழும் என்பதை ஊரும் காலமும்தான் முடிவு செய்கின்றன. நண்பர்கள் "எனக்கு வெட்கமா இருக்கு" என்று சொல்லும்போது நான் இந்தக் கதையைச் சொல்வேன்.

அப்போது சிங்கப்பூரில் எங்கே நீந்தினார்கள்?

யார் என்பதைப் பொறுத்தது. 1894இல் தொடங்கிய சிங்கப்பூர் நீச்சல் சங்கம் நெடுங்காலம் ஐரோப்பியர்களுக்கு மட்டுமே. சீனர்கள் 1909இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார்கள். பொதுமக்களுக்கான முதல் குளம் 1931இல் மவுண்ட் எமிலியில் திறந்தது. முன்பு தண்ணீர்த் தேக்கமாக இருந்த இடம் அது. அப்புறம் 1957இல் ஃபேரர் பார்க், 1959இல் ரிவர் வேலி. சிராங்கூன் ரோட்டில் இருந்த நம் குடும்பங்களுக்கு ஃபேரர் பார்க் குளம் நடந்து போகிற தூரம்.

குளத்துக்குப் போகாதவர்களுக்குக் கடல். காத்தோங் பார்க்கில் கடலுக்குள் மரக்கம்பு நட்டு வேலி போட்டிருந்தார்கள். மலாயில் பகார் என்பார்கள். அதற்குள் பயமில்லாமல் குளிக்கலாம். 1966இல் தொடங்கிய நில மீட்பால் கடற்கரை வெகுதூரம் தள்ளிப்போய்விட்டது. இன்று காத்தோங் பார்க்கில் நின்றால் கடலே தெரியாது, எதிரே கட்டடங்கள்தான்.

என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து கூட்டாளிகளோடு கடலில் இறங்கும்போது என்ன போட்டிருப்பீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "வேலைக்குப் போட்ட காக்கி அரைக்கால் சட்டைதான், வேற என்ன இருந்துச்சு?" என்றார். சிலர் கைலியை மடித்து இறுக்கிக் கட்டிக்கொள்வார்களாம். நீச்சலுடை என்று தனியாக ஒன்று கடையில் விற்கிறது என்பது அவருக்குத் தெரியும். அது நமக்கானது என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த எண்ணம்தான் அடுத்த தலைமுறைக்கும், அதாவது எனக்கும், வந்து சேர்ந்தது.

அதே காலத்தில்தான் நியோ சுவீ கோக் என்ற சிங்கப்பூர் வீரர், 1951இல் புதுடில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 4 தங்கம் வென்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்தச் சின்ன முக்கோண உடை யார் கண்டுபிடித்தது?

பிரீஃப் என்று கடையில் சொல்வார்கள். நம்மவர்கள் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ஸ்பீடோ என்றே சொல்கிறோம்.

ஸ்காட்லாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிய அலெக்சாண்டர் மெக்ரே என்பவர் 1914இல் சிட்னியில் தொடங்கிய பின்னலாடை ஆலைதான் ஸ்பீடோவின் தாய். 1928இல் முதுகுப்பக்கம் தோள்பட்டைகளை விட்டுவிட்டு நடுவில் மட்டும் பட்டை வருகிற மாதிரி ஒரு உடை செய்தார்கள். கை தாராளமாகச் சுழலும். மார்பும் முதுகும் தெரிகிறது என்று சில கடற்கரைகளில் அதற்கும் தடை வந்தது. ஸ்பீடோ என்ற பெயரும் அந்தச் சமயத்தில்தான் வந்தது.

முக்கோண உடையை வடிவமைத்தவர் பீட்டர் டிராவிஸ். 1959 வாக்கில் அந்த நிறுவனத்தில் சேர்ந்தார். அதுவரை ஆண்களின் நீச்சல் கால்சட்டை தொப்புளுக்கு மேல் ஏறி நிற்கும். அவர் அதை இடுப்பெலும்புக்கு இறக்கினார், பக்கவாட்டுத் துணியைக் குறைத்தார். கால் மடங்கும் இடத்தில் துணி இல்லாவிட்டால் உதைப்பது எளிது. இவ்வளவுதான் யோசனை. யாரையும் அதிர்ச்சிக்குள்ளாக்க அவர் நினைக்கவில்லை. ஆனால் 1960களின் தொடக்கத்தில் சிட்னியின் போண்டை கடற்கரையில் அதைப் போட்டு வந்தவர்களைக் கடற்கரை ஆய்வாளர் பிடித்து வழக்குப் போட்டார். மறைக்க வேண்டியது மறைந்துதான் இருக்கிறது என்று வழக்கு தள்ளுபடியானது.

அப்புறம் 1972. மியூனிக் ஒலிம்பிக்கில் மார்க் ஸ்பிட்ஸ் ஏழு தங்கம், ஏழிலும் உலக சாதனை. கழுத்தில் ஏழு பதக்கம், இடுப்பில் அமெரிக்கக் கொடி வண்ணத்தில் ஒரு சின்ன பிரீஃப், மீசையோடு நிற்கும் அந்தப் படம் உலகமெங்கும் சுவரொட்டியாகப் போனது. அதைப் பார்த்த பிறகு ஆண்கள் அந்த உடையைப் போடத் தயங்குவது குறைந்தது.

இங்கே 1973இல் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகள் நடந்தபோது தோ பாயோ குளத்தில் நீச்சல் போட்டிகள் நடந்தன. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வீடமைப்புப் பேட்டைகள்தோறும் குளங்கள் வந்தன. 1982இல் ஆங் பெங் சியோங் 50 மீட்டரை 22.69 விநாடியில் நீந்தி, அந்த ஆண்டில் உலகத்திலேயே வேகமான நேரத்தைப் பதித்தார். அதே ஆண்டு புதுடில்லி ஆசிய விளையாட்டில் 100 மீட்டர் தங்கமும் வாங்கினார். என் வயதுப் பையன்களுக்கு நீச்சல் வீரன் என்றால் அந்தத் தோற்றம்தான்: அகன்ற தோள், சின்ன உடை.

அந்தச் சின்ன உடை இடுப்பில் நழுவாமல் நிற்க எது காரணம்?

நூல்தான். 1930களில் ரப்பரைச் சுற்றி நூல் சுற்றிய லாஸ்டெக்ஸ் வந்தது. 1950களில் நைலான். 1958இல் டூபாண்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் ஸ்பாண்டெக்ஸ் நூலைக் கண்டுபிடித்தார். லைக்ரா என்று நாம் சொல்வது அதுதான். பல மடங்கு இழுத்தாலும் பழைய நீளத்துக்குத் திரும்பும். இந்த மூன்றும் வராமல் இருந்திருந்தால், எவ்வளவு தைரியமான வடிவமைப்பாளர் வந்திருந்தாலும் கம்பளியில் அந்தச் சின்ன உடையைச் செய்திருக்க முடியாது. ஆண்களின் நீச்சலுடை சிறுத்ததற்கு ஒழுக்கம் கெட்டது காரணம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நூல் மாறியதும் ஒரு பெரிய காரணம் என்று அவர்களிடம் மரியாதையோடு சொல்லியிருக்கிறேன்.

அப்படியானால் முழங்கால் வரை வரும் போர்ட் ஷார்ட்ஸ்?

அது போட்டிக்குளத்திலிருந்து வந்ததல்ல, அலைச்சறுக்கிலிருந்து வந்தது. 1950களில் ஹவாயிலும் கலிஃபோர்னியாவிலும் அலைச்சறுக்குகிறவர்களுக்கு ஒரு தொல்லை. மெழுகு பூசிய பலகைமேல் மணிக்கணக்கில் உட்கார்ந்து தொடை உரிந்துபோகும். தையற்காரர்களிடம் போய்க் கெட்டித் துணியில் நீளமாகத் தைத்து வாங்கினார்கள். கலிஃபோர்னியாவில் படகு மூடும் கித்தான் தைத்துக்கொண்டிருந்த கேட்டின் என்ற குடும்பத்தின் கடை, அதே துணியில் அலைச்சறுக்குக் கால்சட்டை தைத்துப் பெயர் வாங்கியது. பிறகு 1969இல் ஆஸ்திரேலியாவில் குவிக்சில்வர் வந்தது, 1973இல் பில்லபாங். எலாஸ்டிக் அலையில் நழுவும் என்பதால் இடுப்பில் முடிச்சும் ஒட்டுப்பட்டியும் வைத்தார்கள்.

தொண்ணூறுகளில் இது உலகத்தைப் பிடித்துக்கொண்டது. அலையே இல்லாத நம் ஊரிலும். ஈஸ்ட் கோஸ்ட்டில் 1977இல் திறந்த பிக் ஸ்பிளாஷ் நீர் விளையாட்டுப் பூங்காவுக்குச் சின்ன உடையில் போன அதே ஆட்கள், பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முழங்காலுக்குக் கீழே இறங்கிய பூப்போட்ட கால்சட்டையில் போனார்கள். 2010க்குப் பிறகு நீளம் மறுபடி தொடைப் பாதிக்கு ஏறியிருக்கிறது.

எனக்கு இதில் ஒரு கருத்து உண்டு. செந்தோசா மணலில் உட்கார, பிள்ளைகளோடு விளையாட போர்ட் ஷார்ட்ஸ் அருமையான உடை. நீச்சல் கற்றுக்கொள்ளும்போது மட்டும் அது வேண்டாம். பை நிறையத் தண்ணீர் நிரம்பி, பின்னால் யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். கால் கீழே போகும், "எனக்கு மிதக்க வராது" என்று மனம் விட்டுவிடுவீர்கள். உங்கள்மேல் குற்றமில்லை, துணிமேல்தான்.

உடம்பு முழுக்க மூடிய உடையில் உலக சாதனைகள் உடைந்தனவே, அதை ஏன் தடை செய்தார்கள்?

2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலிய வீரர் இயன் தோர்ப் கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடையில் நீந்தியபோது பலரும் வியந்து பார்த்தோம். அதே சமயத்தில் ஸ்பீடோ சுறாத் தோலை முன்மாதிரியாகச் சொல்லி ஒரு துணியைக் கொண்டுவந்தது. எழுபது வருடம் சிறுத்துக்கொண்டே வந்த உடை திடீரென்று முழு உடம்புக்கும் திரும்பியது.

உச்சம் 2008. அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்த ஸ்பீடோவின் எல்இசட்ஆர் ரேசர் உடையில் பாலியூரித்தேன் என்ற ஒருவகைப் பிளாஸ்டிக் பட்டைகள் இருந்தன. தையலே இல்லாமல் ஒலி அதிர்வால் ஒட்டியிருந்தார்கள். உடம்பை நெருக்கிக் குழல் மாதிரி ஆக்கும், காற்றைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் மிதக்கவும் வைக்கும். போட்டுக்கொள்ளவே அரைமணி நேரம் ஆகுமாம். அடுத்த ஆண்டு மற்ற நிறுவனங்கள் முழுக்கப் பாலியூரித்தேனிலேயே உடை செய்தன. 2009 ரோம் உலகப் போட்டியில் 43 உலக சாதனைகள் உடைந்தன. அமெரிக்காவின் மைக்கேல் பெல்ப்ஸை ஜெர்மனியின் பால் பீடர்மன் 200 மீட்டரில் 1:42.00 என்ற நேரத்தில் தோற்கடித்தார். அந்தச் சாதனை 15 ஆண்டுகள் தாண்டியும் நின்றது.

யார் வேகமான நீச்சல்காரர், யாருடைய உடை வேகமானது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போனது. அதனால் 2010 ஜனவரி 1 முதல் உலக நீச்சல் சம்மேளனம் விதி போட்டது: ஆண்களுக்குத் தொப்புளிலிருந்து முழங்கால் வரை மட்டும், நெய்த அல்லது பின்னிய துணியில் மட்டும்.

இங்கே நமக்குப் பெருமையான ஒரு கணக்கு இருக்கிறது. 2008இல் அந்த அதிசய உடைகளின் காலத்தில் பெல்ப்ஸ் 100 மீட்டர் வண்ணத்துப்பூச்சி நீச்சலில் வைத்த ஒலிம்பிக் சாதனை 50.58 விநாடி. 2016 ஆகஸ்டு 12, ரியோ. இடுப்பிலிருந்து முழங்கால் வரையான சாதாரணத் துணி உடையில் நம் ஜோசப் ஸ்கூலிங் 50.39. பெல்ப்ஸ் வேறு இருவரோடு இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் தங்கம். தேசிய தினம் முடிந்து மூன்றாம் நாள். இங்கே சனிக்கிழமை காலை, தொலைக்காட்சிக்கு முன்னால் நான் அழுதேன்.

ஜாமர் என்பது அதுதானா?

அதேதான். தொடையோடு ஒட்டி, முழங்காலுக்குச் சற்று மேலே முடியும் உடை. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் போடுவது போல இருக்கும். புதிதாக வருகிற நண்பர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். தண்ணீரை இழுக்காது, பிரீஃப் அளவுக்குக் கூச்சமும் இல்லை. எங்களோடு வரும் தமிழ் முஸ்லிம் நண்பர்கள் தொப்புளிலிருந்து முழங்கால் வரை மூட வேண்டும் என்பார்கள். அவர்களில் சிலர் நீளம் கூடிய ஜாமரைத் தேடி வாங்கிக்கொள்கிறார்கள், சிலர் அதன்மேல் மெல்லிய, பையில்லாத கால்சட்டை ஒன்று போடுகிறார்கள். இரண்டுமே நீந்தச் சரியாகத்தான் இருக்கிறது.

நீச்சலுடையில் கொடி போட்டு ஒரு பிரச்சினை வந்ததே?

2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில். சிங்கப்பூர் ஆண்கள் நீர்ப்பந்து அணி தாங்களே வடிவமைத்த சிவப்பு உடையின் முன்பக்கத்தில் நம் கொடியின் பிறையும் ஐந்து நட்சத்திரங்களும் இருந்தன. அவை விழுந்த இடம் சரியில்லை என்று மக்கள் வருத்தப்பட்டார்கள், அமைச்சும் பொருத்தமற்றது என்றது. போட்டி நடுவில் மாற்ற முடியாத நிலை. அணி மன்னிப்புக் கேட்டது. தென்கிழக்காசிய விளையாட்டில் 1965இலிருந்து 2017 வரை ஒருமுறைகூடத் தங்கத்தை விடாத அணி இது. நாட்டுப்பற்றால் செய்தது தவறாகிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன். நீர்ப்பந்தில் எதிராளி உடையைப் பிடித்து இழுப்பான் என்பதால் அவர்களுடைய உடை கெட்டியாக, சின்னதாக, பிடி கிடைக்காமல் இருக்க வேண்டும். படம் போட அதில் வேறு இடமும் அதிகமில்லை.

இடுப்பில் அரைஞாண் கயிறு இருக்கிறது. வெளியே தெரியுமே?

இந்தக் கேள்வியைத் தனியாகக் கூப்பிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் கேட்பார்கள். பள்ளியில் நீச்சல் வகுப்புக்குப் போன நாளில் என் கறுப்புக் கயிற்றைப் பார்த்துச் சக மாணவர்கள் சுற்றி நின்று கேள்வி கேட்டார்கள். அடுத்த வாரம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டேன். அதற்கடுத்த வாரமும். நீச்சல் கற்றுக்கொள்ள எனக்கு 38 வயது ஆனது.

ஜாமரின் இடுப்புப்பட்டி அகலமாக இருக்கும், கயிறு அதற்குள் போய்விடும். வெள்ளி அரைஞாணாக இருந்தால் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வருவது நல்லது. குளோரின் வெள்ளியைக் கறுக்கவைக்கும், கொக்கி துணியைக் கிழிக்கும். நூல் கயிறு நனைந்தால் தோலில் உராயும் என்பதால் முடிந்ததும் துடைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி தெரிந்தால் தெரியட்டும். உங்கள் மகன் இடுப்பில் அரைஞாண் இருந்தால், யாராவது கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று வகுப்புக்கு முன்பே அவனுக்குச் சொல்லிக்கொடுங்கள். "இது எங்க வழக்கம், பாட்டி கட்டிவிட்டாங்க" என்று அவன் சொன்னால் போதும்.

பனியன், பருத்திக் கால்சட்டையோடு ஏன் விடமாட்டேன் என்கிறார்கள்?

பொதுக் குளங்களில் நீச்சலுடை கட்டாயம். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், நீந்தத் தெரியாதவரை இழுக்கும். பஞ்சு உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும். சோப்பும் வியர்வையும் துணியோடு குளத்துக்குள் வரும். நான் முதல் நாள் பருத்தி அரைக்கால் சட்டையோடு போய், எல்லோர் முன்னாலும் திருப்பி அனுப்பப்பட்டேன். சொன்னவர் மெதுவாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் விதி சரியான விதி.

பிரான்ஸில் பல பொதுக் குளங்களில் போர்ட் ஷார்ட்ஸ்கூடக் கூடாது. தெருவில் போட்டு நடக்கக்கூடிய உடை குளத்துக்குள் வரக்கூடாது என்கிறார்கள், பிரீஃப் மாதிரி ஒட்டிய உடைதான் வேண்டும். சுற்றுலா போகிறவர்கள் கவனியுங்கள்.

மேலே சட்டை மாதிரி போட்டு நீந்துகிறார்களே, அது?

ராஷ் கார்ட். இதுவும் அலைச்சறுக்கிலிருந்து வந்ததுதான். நாம் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறோம், நண்பகலில் புற ஊதாக் கதிர் அளவு 11க்கு மேல் போவது சாதாரணம். யுபிஎஃப் 50 (துணியின் வெயில் தடுப்பு அளவு) என்று போட்ட துணி அந்தக் கதிரில் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும். நம் தோல் கறுப்பு, வெயில் ஒன்றும் செய்யாது என்பார்கள். கறுப்புத் தோலுக்குப் பாதுகாப்பு கொஞ்சம் அதிகம், முழுப் பாதுகாப்பு கிடையாது. வயிறு, மார்பு தெரியக் கூச்சப்படுகிறவர்களுக்கும் இது பெரிய உதவி. கூச்சத்துக்காகப் போட்டாலும் தப்பில்லை, வெயிலுக்காகப் போட்டாலும் தப்பில்லை. தண்ணீருக்குள் இறங்கினால் சரி.

எதைப் பார்த்து வாங்குவது?

குயின்ஸ்வே கடைத்தொகுதியில் விளையாட்டுச் சாமான் கடைகள் நிறைய. முஸ்தபாவிலும் கிடைக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் துணிச்சீட்டைப் படியுங்கள். நைலானும் ஸ்பாண்டெக்ஸும் கலந்தது போட மெத்தென்று இருக்கும், ஆனால் குளோரின் ஸ்பாண்டெக்ஸை அரித்துவிடும். வாரம் மூன்று நாள் நீந்துகிறவருக்குச் சில மாதத்தில் பின்பக்கம் தொளதொளத்து, துணி மெலிந்துவிடும். பாலியெஸ்டரும் பிபிடி என்ற இழுபடும் நூலும் கலந்தது கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் பல மடங்கு நாள் உழைக்கும். பழைய மீன்வலையையும் கழிவு நைலானையும் திரும்ப நூலாக்கிச் செய்த உடைகளும் இப்போது வருகின்றன.

அளவு எடுக்கும்போது கடையில் கொஞ்சம் இறுக்கமாகத் தோன்றுவதை எடுங்கள், தண்ணீரில் துணி தளரும். வெள்ளை, வெளிர்மஞ்சள் வேண்டவே வேண்டாம், நனைந்தால் தெரியும். பழைய உடையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விரல் தெரிந்தால் அதன் காலம் முடிந்தது.

துவைப்பது?

குளத்திலிருந்து வந்ததும் குளியலறையிலேயே நல்ல தண்ணீரில் அலசுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், துண்டில் சுருட்டி அழுத்துங்கள். வாஷிங் மெஷினில் போடாதீர்கள். முக்கியமாக, வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் மற்ற துணியோடு வெயிலில் போடாதீர்கள். குளோரினைப் போல வெயிலும் எலாஸ்டிக்கைக் கெடுக்கும். சமையலறைக்குள் நிழலில் போட்டாலே இரண்டு மணி நேரத்தில் காய்ந்துவிடும்.

மகனுக்கு 13 வயது. நீச்சல் அணியில் பிரீஃப் போடச் சொல்கிறார்கள், மாட்டேன் என்கிறான். என்ன செய்ய?

வற்புறுத்த வேண்டாம். அந்த வயதில் உடம்பு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது, அதை எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவனுக்குத் தோன்றும். பயிற்றுநரிடம் ஜாமர் போடலாமா என்று நீங்களே போய்க் கேளுங்கள், அவனைக் கேட்க விடாதீர்கள். போட்டி விதிப்படி ஜாமர் முழுக்கச் சரி, ஸ்கூலிங் தங்கம் வென்றது அப்படிப்பட்ட உடையில்தான் என்று அவனிடம் சொல்லுங்கள். கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் நிறத்தை அவனே எடுக்கட்டும்.

முடிந்தால் உங்களுக்கும் ஒன்று வாங்கி, அந்த ஞாயிற்றுக்கிழமை அவனோடு குளத்துக்குப் போங்கள். காலை எட்டு மணிக்கு முன் கூட்டம் குறைவு.